பதினோராம் பிரிவின்படி ராஜப்ரியா

1

இந்தக் கதை என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. கடைசியில் ஒப்புக்கொண்டால் உத்தி என்பார்கள்.

குன்னூரில் பத்திரம் எழுதுவது என் தொழில். கிரயம், தானம், பாகப்பிரிவினை, வாடகை. இவை போக, சிறு விவசாயிகள் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பச்சை இலை கொடுப்பதற்கான ஒப்பந்தம். கதையும் எழுதுவேன். என் ஒப்பந்தங்களை யாரும் படிப்பதில்லை. என் கதைகளை அதைவிடச் சற்றுக் குறைவானவர்கள் படிக்கிறார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கீர்த்திவாசன் என்பவர் என் கடைக்கு வந்தார். மென்பொருள் எழுதும் டெவலப்பர்களோடு போட்டுக்கொள்ள ஓர் ஒப்பந்தம் வேண்டும், உலகத் தரத்தில் வேண்டும், மாலை நான்கு மணிக்குள் வேண்டும் என்றார். உலகத் தரத்தில் என்னிடம் ஒன்றும் இல்லை. பச்சை இலை ஒப்பந்தம் இருந்தது. கம்ப்யூட்டரில் ஒரு சொல்லை எல்லா இடத்திலும் ஒரே தட்டில் மாற்றும் வசதி இருக்கிறது. 'பச்சை இலை'யை 'மென்பொருள்' ஆக்கினேன். 'விவசாயி'யை 'டெவலப்பர்' ஆக்கினேன். 'தொழிற்சாலை'யைக் 'கம்பெனி' ஆக்கினேன். நான்கு நிமிடம் ஆனது.

பிறகு ஒருமுறை படித்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. 'டெவலப்பர் கொண்டுவரும் மென்பொருளில் ஈரம் இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளக் கம்பெனிக்கு உரிமை உண்டு' என்ற வரியில் மட்டும் சற்றுத் தயங்கினேன். எனக்குத் தெரியாத தொழில். ஈரம் இருந்தாலும் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கீர்த்திவாசன் வாங்கிப் பார்த்து, "கனமா இருக்குதுங்க ரைட்டரே" என்று பாராட்டினார். தாளைச் சொன்னார்.

2

இனி ராஜப்ரியா. அவளைக் கொண்டுவர நான் எழுதிப் பார்த்த வரிகள் இவை:

'பந்தலூர் மலைகளில் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில் ராஜப்ரியா தன்…' (எல்லாக் கதையிலும் பனி இறங்குகிறது. அன்று நல்ல வெயில்.)

'கொழுந்து பறிக்கும் விரல்களுக்குப் பிறந்த விரல்கள் இன்று விசைப்பலகையின் மீது…' (இதை அவளிடமே படித்துக் காட்டினேன். "இதுக்கு எங்கம்மா உங்கள அடிப்பாங்க சார்" என்றாள்.)

ஆகவே நேராகச் சொல்கிறேன். ராஜப்ரியாவுக்கு இருபத்தேழு வயது. நெல்லியாளம் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பில், லயத்தில், வளர்ந்தவள். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படித்தவள். அவள் அம்மா அம்சவேணி இலங்கையிலிருந்து பத்து வயதில் கப்பலேறி வந்தவர். இன்றும் அதே எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறார். வருகிற பங்குனியோடு அவருக்கு ஓய்வு. ஓய்வு கொடுத்தால் லயத்து வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும் தகவல்.

படிப்பு முடிந்து ராஜப்ரியா சேர்ந்த இடம் கீர்த்திவாசனின் 'கீர்த்தி ஹைடெக் 360'. கீர்த்திவாசன் கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு உதிரிபாகம் விற்றவர். மலை ஏறியதும் தொலைநோக்குள்ளவர் ஆகிவிட்டார். கீழே வர்க்கி சுடும் பேக்கரி, மேலே அவர் ஆபீஸ். 360 என்றால் என்ன என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

அங்கே பதினான்கு மாதம் உட்கார்ந்து ராஜப்ரியா தனி ஆளாக ஒரு செயலி எழுதினாள். எஸ்டேட்டில் யானை தென்பட்டால் காவலர் ஒரு பொத்தானை அழுத்துவார். ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லா செல்போனும் அலறும். சத்தத்தை அணைத்து வைத்திருந்தாலும் அலறும். நெல்லியாளம், பந்தலூர் பக்கம் அறுநூற்று நாற்பது பேர் அதை வைத்திருக்கிறார்கள். அம்சவேணி ஒருவர். அவர் தன் செல்போனை மடித்த துணிக்குள் வைத்து இடுப்பில் செருகியிருப்பார். இரண்டு முறை அது அங்கிருந்தே அலறி அவர் இறங்கி வந்திருக்கிறார். இரண்டு முறையும் யானை அவர் நின்ற தேயிலை நிரையைத்தான் கடந்து போனது.

செயலிக்குக் கீர்த்திவாசன் வைத்த பெயர் 'கஜ ரக்ஷா 360'.

3

வெளியீட்டு விழாவுக்கு ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரம் காலை பத்து நாற்பத்திரண்டு. பத்தரைக்கு ஒரு காட்டெருமை வந்து பேக்கரி வாசலில் நின்றுகொண்டது. சிறப்பு விருந்தினரால் காரைவிட்டு இறங்க முடியவில்லை. செயலியால் ஒன்றும் செய்ய இயலவில்லை. அது யானைக்கு மட்டும். பதினொன்றே காலுக்குக் காட்டெருமை தானாகப் போனது. 'குறித்த நேரத்தில் இனிதே வெளியிடப்பட்டது' என்று செய்திக்குறிப்பு போனது.

செயலியில் 'உருவாக்கியவர்கள்' என்று ஒரு பக்கம். அதில் பதினான்கு பெயர்கள். கருத்தாக்கம், தொலைநோக்கு, வழிகாட்டுதல் ஆகிய மூன்றும் கீர்த்திவாசன். வண்ண ஆலோசனை அவர் மனைவி. இளைய தலைமுறைப் பார்வை, ஊட்டியில் விடுதியில் தங்கி எட்டாவது படிக்கும் அவர் மகள் கனிஷ்கா. நேரக் கணிப்பு, ஜோசியர். கட்டட உரிமையாளர் இருந்தார். கடைசி வரியில் நீலகிரியின் யானைகள் அனைத்துக்கும் நன்றி இருந்தது.

ராஜப்ரியா அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் படித்தாள். பிறகு உள்ளே போனாள்.

"ஏனுங்க ராஜப்ரியா, பேருல என்னங்க இருக்குது?" என்றார் கீர்த்திவாசன். அவர் பெயர் மேசைமேல் பித்தளையில் இருந்தது. சுவரில் மரத்தில் இருந்தது. அவர் காபி குடித்துக்கொண்டிருந்த கோப்பையிலும் இருந்தது.

"ஒண்ணும் இல்லைன்னா என் பேரையும் சேத்துடலாமே சார்."

"அதெப்படிங்க. அப்புறம் எல்லாரும் கேப்பாங்க."

"எல்லாரும்னா யாரு சார்? எழுதினது நான் ஒருத்திதான்."

"அதத்தானுங்க நானும் சொல்றேன். ஒருத்தர் பேரை மட்டும் போட்டா மத்தவங்க மனசு வருத்தப்படுமில்லீங்களா." பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தார். "ஒம்பதாம் பிரிவப் பாருங்க. நீங்க கையெழுத்துப் போட்டதுதான்."

ஒன்பதாம் பிரிவு: 'கம்பெனியில் கொட்டப்பட்ட பிறகு அந்த மென்பொருள் இன்னாருடையது என்று உரிமை கொண்டாட டெவலப்பருக்கு இடமில்லை.'

"படிச்சிருக்கேன் சார்" என்றாள். "பதினொண்ணையும் படிங்க."

கீர்த்திவாசன் படித்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் படித்தார்.

பதினோராம் பிரிவு: 'ஒவ்வொரு மூட்டையின் மேலும் டெவலப்பரின் பெயர் தெளிவாகவும், அழியாத மையிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.'

என்னை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

4

[முதல் வரைவில் இந்த இடத்தில் நான் தலைநிமிர்ந்து நின்று, "ஐயா, இது பச்சை இலை ஒப்பந்தம், தவறு என்னுடையது" என்று சொல்வதாக எழுதியிருந்தேன். நல்ல பத்தி. கண்கலங்க வைக்கும். நடந்தது வேறு.]

"ரைட்டரே, இந்த மூட்டைன்றது என்னங்க?"

"மென்பொருள் எதுல அடைச்சு வருதோ அதுங்க" என்றேன்.

"பாத்தீங்களா. எனக்கும் அப்படித்தான் பட்டுது."

ராஜப்ரியா என்னைப் பார்த்தாள். நாற்பது வருடமாக இலை மூட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரின் மகள் அவள். ஒப்பந்தம் எங்கிருந்து பிறந்தது என்று படித்த அன்றே தெரிந்துகொண்டிருக்கிறாள். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் ஏன் என்று கேட்டேன். "உங்கள மாட்டிவிட்டா பதினோராம் பிரிவும் போயிடும்ல சார்" என்றாள்.

கீர்த்திவாசன் அதற்குள் பிரிவின் இரண்டாம் வரிக்கு வந்திருந்தார். 'மூட்டையில் கல், குச்சி, முற்றல் காணப்பட்டால் பெயருக்கு உரியவரே பொறுப்பு.' அவர் முகம் தெளிந்தது.

"அப்படீன்னா பேரு எதுக்குன்னா, கல்லு கெடந்தா ஆளப் புடிக்கறதுக்கு. நல்லா இருந்தா கொட்டிட்டுக் காலிப் பையத் திருப்பிக் குடுத்துருவாங்க. சரிதானுங்களே?"

சரிதான். இலைத் தொழிலில் அப்படித்தான். இருபது வருடமாக நான் அதை அப்படித்தான் எழுதுகிறேன். இதுவரை தப்பாகத் தோன்றியதும் இல்லை.

"அப்பறமென்னங்க. செயலியில தப்பு வந்தா ஒரு பக்கம் வருமில்லீங்களா, அதுல போட்ருங்க உங்க பேர. ஒப்பந்தம் ஒப்பந்தம்தானுங்க. நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன்."

அந்தப் பக்கத்தை ராஜப்ரியாவே எழுத வேண்டியிருந்தது. திரை வெள்ளையாகும். நடுவில்: 'சேவை இயங்கவில்லை. பொறுப்பு: ராஜப்ரியா.' சிக்னல் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் வராது. அது செல்போன் கம்பெனியின் பொறுப்பு என்று கீர்த்திவாசன் நியாயமாகவே பிரித்துக் கொடுத்தார். ஆபீசில் இருக்கும் தலைமைக் கம்ப்யூட்டர் நின்றால் மட்டுமே பெயர் வரும்.

அன்று சாயங்காலம் அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"பேரு போட்டாச்சும்மா."

"முழுப் பேரா, அரைப் பேரா?"*

"தப்பு நடந்தா முழுப் பேரு."

பின்னால் யாரோ குழாயடியில் சண்டை போடுவது கேட்டது.

"அப்பத் தப்பு நடக்க விட்டுறாத" என்றார் அம்சவேணி.

ராஜப்ரியா விடவில்லை. பதினோரு மாதமாகிறது. மழையில் நிற்கவில்லை, கரண்ட் போனபோது நிற்கவில்லை, கீர்த்திவாசன் தெரியாமல் ஒயரைப் பிடுங்கியபோதும் நிற்கவில்லை. அவள் வேலையை நன்றாகச் செய்துவிட்டாள். இந்தக் கதையின் சோகம் அதுதான். இதைவிடப் பெரிய சோகம் ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன், இல்லை.

* இலங்கைத் தோட்டப் பேச்சு. சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் அன்றைய வேலைக்குப் 'பேர்' விழும். குறைந்தால் அரைப் பேர். பெரிய எழுத்தாளர் யாராவது இதை வைத்து ஒரு நாவலே எழுதிவிடுவார். நான் அடிக்குறிப்போடு நிறுத்திக்கொள்கிறேன்.

5

மாசியில் ஒப்பந்தக் காலம் முடிந்தது. ராஜப்ரியா கோயம்புத்தூரில் ஒரு கம்பெனிக்கு மனுப் போட்டாள். குடியிருக்க வீடும் கொடுக்கும் கம்பெனி. அம்மா லயத்தைக் காலி செய்யும்போது போக ஓர் இடம் வேண்டும் என்பதை ஏற்கெனவே தகவலாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கம்பெனியிலிருந்து நவநீதன் என்ற அதிகாரி போனில் பேசினார். மரியாதையான மனிதர்.

"அனுபவச் சான்றிதழ்ல 'தொழில்நுட்ப ஒத்துழைப்பு நல்கினார்'னு போட்டிருக்காங்களே, அப்படின்னா என்னங்கம்மா?"

"அந்தச் செயலிய நான்தான் சார் எழுதினேன்."

"அதுல உங்க பேரு இருக்குதுங்களா?"

"இருக்கு சார்" என்றாள் ராஜப்ரியா. பொய் இல்லை.

"அப்ப நேர்ல வர்றப்ப எங்க முன்னாடி திறந்து காட்டிருங்க. போட்டோ எல்லாம் வேண்டாங்க. போன வாரம் ஒருத்தரு ஒரு பேங்க் செயலியவே நாந்தான் எழுதினேன்னு போட்டோ புடிச்சுக் கொண்டாந்துட்டாரு."

செயலியின் வரிகளைச் சேமித்து வைத்திருக்கும் இடத்தில் போய்ப் பார்த்தால் யார் எழுதியது என்று தெரியாதா என்று வாசகர் கேட்கலாம். பார்த்தால் ஒவ்வொரு வரிக்கும் நேராக 'அட்மின்' என்று இருக்கும். ஆபீசில் ஏழு பேருக்கும் ஒரே கடவுச்சொல். கீர்த்திவாசன் அதைக் குடும்ப உணர்வு என்பார். அந்தக் கடவுச்சொல் ராஜப்ரியாவிடம் இன்னும் இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிட வேண்டும்.

ஆகவே நிலைமை இதுதான். அவள் பெயரை நவநீதன் பார்க்க வேண்டுமானால் செயலி நிற்க வேண்டும். அந்தக் கடவுச்சொல்லைப் போட்டு எங்கிருந்தும் தலைமைக் கம்ப்யூட்டரை நிறுத்த அவளால் முடியும். இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தில் அறுநூற்று நாற்பது செல்போன்களில் எதுவும் அலறாது.

அவள் கீர்த்திவாசனிடம் நேராகப் போய்க் கேட்டும் பார்த்தாள். முன்கூட்டியே எல்லாருக்கும் அறிவிப்புக் கொடுத்துவிட்டு, இரண்டே நிமிடம். "கஜ ரக்ஷா நிக்காதுங்க" என்றார் அவர். "நின்னுதுன்னா அப்பறம் எப்படீங்க அது 360?"

அதன் பிறகுதான் ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாள்.

"இதுல எனக்கு உதவுற மாதிரி வேற ஏதாவது மிச்சம் கெடக்கா சார்?"

இருவரும் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம். மழைக்காலத்தில் டெவலப்பருக்குத் தார்ப்பாய் கொடுக்க வேண்டியது கம்பெனியின் கடமை என்று பதினேழாம் பிரிவு சொன்னது. மென்பொருளைக் காலால் மிதித்து அடைக்கக் கூடாது என்று இன்னொன்று. வேறு ஒன்றும் இல்லை.

"தார்ப்பாயக் கேட்டு வாங்கிக்கவா?" என்றாள். சிரிக்காமல் கேட்டதால் நானும் சிரிக்கவில்லை.

இதைக் கதையாக எழுதலாமா என்று கேட்டேன். கெட்டுப்போன முத்திரைத்தாள் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் நிபந்தனை எழுதினாள். ஒன்று: என் சொந்தப் பெயரையே போட வேண்டும். இரண்டு: அம்மாவை வைத்து யாரையும் அழவைக்கக் கூடாது. மூன்று: முடிவை என்னிடம் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்கக் கூடாது. என் வாழ்க்கையில் முழுக்கப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட முதல் ஒப்பந்தம் அது.

6

முடிவுகள்.

முதல் முடிவு. நவநீதனும் இன்னும் இருவரும் காத்திருக்கிறார்கள். ராஜப்ரியா மடிக்கணினியை மூடுகிறாள். "சார், பதினோரு மாசத்துல என் பேரு ஒரு தடவகூட வரல. அதுதான் நான் செஞ்ச வேலை." அறையில் மௌனம். நவநீதன் நாற்காலியைவிட்டு மெல்ல எழுந்து…

ராஜப்ரியா படித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள். "எழுந்திரிக்க மாட்டாங்க சார். 'ரொம்ப சந்தோசம்மா, தகவல் அனுப்புறோம்'னு சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்பிடுவாங்க."

இரண்டாம் முடிவு. அவள் நிறுத்துகிறாள். திரையில் அவள் பெயர் தெரிகிறது. சரியாக அதே நேரத்தில் நெல்லியாளத்தில், ஏழாம் நம்பர் மலையில், குனிந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்சவேணியின் பின்னால் ஒரு கிளை…

"எங்கம்மாவ யானை முன்னாடி நிறுத்துனாத்தான் உங்களுக்குக் கதை முடியுமா சார்?"

இரண்டாவது நிபந்தனைப்படி அடித்துவிட்டேன். நான் அடித்தது வரியைத்தான். யானைகள் அங்கேயேதான் இருக்கின்றன.

மூன்றாம் முடிவு. அவள் இரண்டு நிமிடம் நிறுத்துகிறாள். எங்கும் ஒன்றும் நடக்கவில்லை. வேலை கிடைக்கிறது. வீடு கிடைக்கிறது. பங்குனியில் அம்மாவும் மகளும் சாமான்களோடு மலை இறங்குகிறார்கள். இதை அவளுக்குப் பிடிக்கும் என்று நம்பினேன்.

இதைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருந்தாள்.

"ஒண்ணும் நடக்கலன்னு எப்படி சார் தெரியும்?"

"நான்தானேம்மா எழுதுறேன்."

"நீங்க எழுதிடுவீங்க. அறுநூத்து நாப்பது பேரு இருக்காங்க. அன்னிக்கு யாரு எந்த நிரையில நிக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. எனக்கு அம்சவேணி ஒருவரைத்தான் தெரியும். அவரையும் நேரில் பார்த்ததில்லை.

"நீ என்னதான் பண்ணப் போற?" என்று கேட்டேன்.

"அங்க போயி உக்காந்தப்பறம்தான் சார் தெரியும்."

"அதுக்குள்ள இதழ் வந்துருமே."

"அப்ப முடிவு இல்லாமக் குடுத்துருங்க. மூணாவது நிபந்தனைய நான் தளர்த்திக்கிறேன்."

7

ஆறாம் பகுதி வரை கதையை அனுப்பினேன். வார இதழிலிருந்து ஒரு படிவம் வந்தது. வழக்கமான படிவம். 'இக்கதையில் வரும் பெயர்கள் யாவும் கற்பனையே என உறுதி கூறுகிறேன்.' கையெழுத்துப் போடாவிட்டால் அச்சேறாது.

போட்டேன்.

ஆக, ராஜப்ரியா என்ற பெயர் இந்தக் கதையில் எத்தனை முறை வந்திருந்தாலும் சட்டப்படி அது கற்பனை. இதை எடுத்துக்கொண்டு போய் அவள் நவநீதனிடம் காட்ட முடியாது. கீர்த்திவாசன் என்பதும் கற்பனைதான் என்றாலும் அவருக்கு அதில் நட்டமில்லை, பித்தளையில் இருக்கிறது.

இதை அவளிடம் சொன்னேன்.

"உங்ககிட்ட பேரக் குடுத்தா இப்படித்தான் சார் ஆகும்" என்றாள். கோபம் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள்.

8

இதழ் புதன்கிழமை கடைக்கு வரும். நெல்லியாளம், பந்தலூர் பக்கம் மதியத்துக்கு மேல் ஆகும். நவநீதன் முன்னால் நேர்முகத் தேர்வு மறுநாள் வியாழன், காலை பதினொரு மணிக்கு.

கதையின் முடிவு என்னிடம் இல்லை. உங்களில் யார் செல்போனில் அந்தச் செயலி இருக்கிறதோ அவர்களிடம் இருக்கிறது. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் திரை வெள்ளையாகவில்லை என்றால், அவள் ஒரு விதமாக முடித்திருக்கிறாள். என்ன விதம் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

வெள்ளையானால், நடுவில் ஒரு பெயர் இருக்கும். அதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். கூடையை அப்படியே போட்டுவிட்டு, சத்தமில்லாமல், முதலில் ரோட்டுப் பக்கம் இறங்கிவிடுங்கள். ஏழாம் நம்பர் மலையில் இருப்பவர்கள் அம்சவேணியையும் கூப்பிடுங்கள். நிரை முடியவில்லை என்பார். கையைப் பிடித்து இழுத்து வாருங்கள்.